கிழிந்த படமும் கிழிந்த சாயலும்

1992-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் இரவு. நியூயார்க் நகரிலிருந்து 'சாட்டர்டே நைட் லைவ்' என்னும் புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி நேரலையாக ஒளிபரப்பாகிக் கொண்டிருந்தது. மழித்த தலையும் வெண்ணிற ஆடையுமாக மேடையில் நின்ற 25 வயது அயர்லாந்துப் பாடகி ஒருவர், இசைக்கருவி எதுவும் இன்றி, பாப் மார்லியின் 'போர்' என்னும் பாடலைப் பாடினார். இனவெறியைக் கண்டிக்கும் அப்பாடலின் சில சொற்களை மாற்றி, குழந்தைகள் மீது இழைக்கப்படும் கொடுமையைக் கண்டிக்கும் பாடலாக ஆக்கினார். பாடல் முடியும் வேளையில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரின் படம் ஒன்றை உயர்த்திப் பிடித்துத் துண்டு துண்டாகக் கிழித்தெறிந்தார். அரங்கில் ஒரு கைதட்டலும் எழவில்லை.

அவர் பெயர் ஷினேட் ஓ'கானர். அன்றிரவே அவர்மீது உலகின் சினம் பாய்ந்தது. அத்தொலைக்காட்சி நிறுவனம் அவருக்குத் தன் கதவை அடைத்தது. நியூயார்க் தெருவில் அவருடைய இசைத்தட்டுகள் சாலை போடும் உருளை இயந்திரத்தின் கீழ் நொறுக்கப்பட்டன. கத்தோலிக்க மக்கள் பலருடைய உள்ளம் புண்பட்டது. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நாம் அன்பு செய்யும் ஒருவரின் படத்தைப் பிறர் கிழிப்பதைக் கண்டால் நம் நெஞ்சும் பதறத்தான் செய்யும்.

ஆயினும், அந்தப் பதற்றத்தில் இரண்டு கேள்விகள் காணாமற் போயின. அந்தப் பெண் எந்தக் குழந்தைகளைப் பற்றிப் பாடினார்? அந்தப் படம் அவர் கைக்கு எங்கிருந்து வந்தது? 2021-இல் அவர் வெளியிட்ட 'ரிமெம்பரிங்ஸ்' என்னும் தன்வரலாற்று நூல் இவ்விரு கேள்விகளுக்கும் விரிவாக விடை தருகிறது. அந்நூலை அயர்லாந்துத் திருச்சபையின் அண்மைக்கால வரலாற்றோடு சேர்த்துப் படிப்பது, நம்மைப் போன்ற இறைமக்களுக்குத் துயரம் தரும் பாடமாயினும், தேவையான பாடம்.

திருநாளில் பிறந்த குழந்தை

ஷினேட் 1966-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், அமல உற்பவ அன்னையின் திருநாளன்று டப்ளின் நகரில் பிறந்தார். லூர்து நகரில் அன்னையின் காட்சி பெற்ற புனித பெர்னதெத்தின் பெயரும் அவருக்குச் சூட்டப்பட்டது. ஐந்து பிள்ளைகளில் அவர் மூன்றாமவர். 'கடலின் விண்மீன்' என்ற பொருள் தரும் பெயருடைய புதினத்தால் உலகறிந்த எழுத்தாளர் ஜோசப் ஓ'கானர் அவருடைய அண்ணன்.

அக்கால அயர்லாந்தை நாம் அறிந்துகொள்ள வேண்டும். 1937-இன் அரசியலமைப்புச் சட்டம் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தனியிடம் அளித்திருந்தது. 1972-இல் நடந்த பொதுவாக்கெடுப்பே அந்தப் பிரிவை நீக்கியது. மணமுறிவுக்கு நாட்டின் சட்டத்தில் இடமில்லை. அது வந்தது 1995-இன் வாக்கெடுப்பில், மிகச் சிறிய பெரும்பான்மையால். பள்ளி, மருத்துவமனை, ஆதரவற்றோர் இல்லம், சீர்திருத்தப் பள்ளி என வாழ்வின் ஒவ்வொரு படியிலும் துறவிகளின் கை இருந்தது. பசித்தோருக்கு உணவும், ஏழைகளுக்குக் கல்வியும் அளித்த கைகள் அவை. எனினும், எந்த வீட்டுக்குள்ளும் எந்த இல்லத்துக்குள்ளும் நடப்பதைக் கேள்வி கேட்கும் குரலுக்கு அந்நாட்டில் இடம் இல்லாமற் போனது.

ஷினேடின் பெற்றோர் 1975-இல் பிரிந்தனர். பிள்ளைகள் சில காலம் தாயோடு வாழ்ந்தனர். அத்தாய் தம்மை இடைவிடாது அடித்ததையும், 'நான் ஒன்றுமில்லாதவள்' என்று தம் வாயாலேயே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்ததையும் ஷினேட் எழுதியுள்ளார். அடி விழுந்த ஒரு நாளில், சிலுவையில் தொங்கும் இயேசு ஒரு கற்குன்றின்மீது தம் மனக்கண்முன் தோன்றினார் என்றும், தாய் எடுத்துக்கொள்ளும் குருதியைத் தாம் திருப்பித் தருவதாகச் சொன்னார் என்றும் அவர் குறிப்பிடுகிறார். அந்தக் குழந்தையின் விசுவாசத்தை எந்த இறையியல் அளவுகோலால் நாம் அளப்பது? வீட்டில் ஒருவரும் துணையில்லாத வேளையில், அவள் ஓடி ஒளிந்த இடம் கல்வாரி.

1979 செப்டம்பர் 29-இல் திருத்தந்தை அயர்லாந்து மண்ணை முத்தமிட்டார். டப்ளினின் பீனிக்ஸ் பூங்காவில் அவர் நிறைவேற்றிய திருப்பலியில் 10 லட்சத்திற்கும் மேற்பட்டோர் பங்குபெற்றனர். கால்வே நகரில், அயர்லாந்தின் இளையோரைத் தாம் அன்பு செய்வதாகச் சொன்னார். இளையோர் ஆர்ப்பரித்தனர். அந்தச் சொல் தம் காதில் மட்டும் வெறுமையாக விழுந்தது என்று ஷினேட் நினைவுகூர்கிறார். பெற்றோராலும் நேசிக்கப்படாத தம்மைப் போன்றவர்களை யார் நேசித்தார்கள் என்பது அவர் கேள்வி. அந்தப் பயணத்தின்போது எடுக்கப்பட்ட படம்தான் தாயின் படுக்கையறைச் சுவரில் தொங்கியது.

ஒரே கூரையின் கீழ்

பின்னர் அவர் தந்தையிடம் சென்றார். ஆனால் தாயிடம் கற்ற திருட்டுப் பழக்கமும் பள்ளிக்குச் செல்லாத பழக்கமும் தொடர்ந்தன. ஏறத்தாழ 15 வயதில், டப்ளினின் டிரம்கோண்ட்ரா பகுதியில் ஹை பார்க் வளாகத்தில் அருள்சகோதரிகள் நடத்திய 'ஆன் க்ரியனான்' என்னும் பயிற்சி இல்லத்தில் சேர்க்கப்பட்டார். அங்கே 18 மாதங்கள் கழித்தார்.

அந்த இல்லத்தைப் பற்றி அவர் தரும் சித்திரம் ஒற்றை நிறம் உடையதன்று. ஓர் அருள்சகோதரி அந்தச் சிறுமியின் குரலில் இறைவன் வைத்த கொடையைக் கண்டுகொண்டார். அவளுக்கு ஒரு கிதார் வாங்கிக் கொடுத்தார். கற்றுத் தரவும் வழிசெய்தார். உலகம் பின்னர் கேட்டு உருகிய அந்த இசையின் தொடக்கம் ஒரு துறவியின் தாய்மையில் இருந்தது. இதை ஷினேட் ஒருபோதும் மறைக்கவில்லை.

அதே வளாகத்தில் முதிய பெண்கள் இருந்தனர். அது ஒரு காலத்தில் அயர்லாந்தின் மிகப் பெரிய 'மதலேன் சலவை இல்லங்களில்' ஒன்று. மணமாகாமல் தாயானவர்கள், ஆதரவற்ற சிறுமியர், 'வழிதவறக் கூடியவர்கள்' என்று குடும்பமோ ஊரோ தீர்ப்பிட்டவர்கள் ஆகியோர் அங்கே ஊதியமின்றித் துணி வெளுத்தனர். பலர் வாழ்நாள் முழுவதும் வெளியே வரவில்லை. ஒருமுறை தண்டனையாக, இறக்கும் நிலையில் இருந்த அந்த முதிய பெண்களின் அறையில் இரவு உறங்க அனுப்பப்பட்டார் ஷினேட். அவர்கள் இருளில் எழுப்பிய குரலுக்கு மறுமொழி சொல்ல யாரும் வரவில்லை. இந்நிலையை விட்டு நீ விலகாவிடில் உன் முடிவும் இதுவே என்பதுதான் தமக்குச் சொல்லாமல் சொல்லப்பட்ட பாடம் என அவர் புரிந்துகொண்டார்.

கிதார் கொடுத்த கையும், மரண அறைக்கு அனுப்பிய கையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. திருச்சபை தூயது, ஆயினும் பாவிகளைத் தன்னகத்தே கொண்டது என்று குருமடத்தில் படிக்கிறோம். அந்த வாக்கியத்தின் முழுப் பாரத்தையும் ஒரு 15 வயதுச் சிறுமி தாங்கினாள்.

நியூயார்க் நிகழ்ச்சிக்கு அடுத்த ஆண்டு, 1993-இல், ஹை பார்க் வளாகத்தின் நிலப்பகுதி விற்கப்பட்டது. அங்கே புதைக்கப்பட்டிருந்த பெண்களின் உடல்களைத் தோண்டி எடுத்தனர். அரசிடம் அனுமதி பெற்ற எண்ணிக்கை 133. தோண்டியபோது மேலும் 22 உடல்கள் கிடைத்தன. பலருக்கு இறப்புப் பதிவே இல்லை. 155 பேரின் உடல்கள் எடுக்கப்பட்டன; ஏறத்தாழ அனைத்தும் எரியூட்டப்பட்டு, கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்தில் சேர்க்கப்பட்டன. ஷினேட் இரவில் கேட்ட குரல்களுக்கு முன்னே போனவர்கள் இவர்களே.

கண்ணீரும் புகழும்

1985 பிப்ரவரியில் தாய் ஒரு கார் விபத்தில் இறந்தார். ஷினேடுக்கு வயது 18. தாயின் அறைக்குச் சென்று, சுவரிலிருந்த திருத்தந்தையின் படத்தை எடுத்துக்கொண்டார். என்றாவது ஒருநாள் அதை அழிக்க வேண்டும் என்று, வீடு மாறும்போதெல்லாம் அதைத் தம்மோடு கொண்டு சென்றார்.

1987-இல் அவருடைய முதல் இசைத்தொகுப்பு 'சிங்கமும் நாகமும்' என்று பொருள்படும் பெயரில் வெளிவந்தது. அது திருப்பாடல் 91-இலிருந்து எடுத்த பெயர்: கடவுளை அண்டி வாழ்பவர் சிங்கத்தின்மீதும் பாம்பின்மீதும் நடந்து செல்வார் என்னும் உறுதிமொழி. அத்தொகுப்பைப் பதிவு செய்யும்போது அவர் கருவுற்றிருந்தார். கருவைக் கலைத்துவிடுமாறு இசைத்துறையினர் தம்மை வற்புறுத்தியதாகவும், தாம் மறுத்ததாகவும் எழுதுகிறார். மகன் பிறந்தான். தோற்றத்தைக் கவர்ச்சியாக மாற்றச் சொன்னபோது, அவர் தலையை மழித்துக்கொண்டார்.

1990-இல் பிரின்ஸ் எழுதிய 'நத்திங் கம்பேர்ஸ் 2 யூ' என்னும் பாடல் அவரைப் பல நாடுகளில் முதலிடத்தில் அமர்த்தியது. அப்பாடலின் காணொளியில் அவர் கன்னத்தில் கண்ணீர் வழிவதை உலகம் ஒரு காதலியின் கண்ணீர் என்றே எண்ணியது. அது தாயை நினைத்து வழிந்த கண்ணீர். அடித்த தாயை நினைத்து! அப்பாடலைப் பாடும் ஒவ்வொரு முறையும் தாயோடு சிறிது நேரம் இருப்பதாக உணர்ந்ததாக அவர் சொல்கிறார். வெறுப்பிலிருந்து மட்டுமே அவர் பேசினார் என்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டே ஆண்டுகளில் அவர் அந்தப் புகழைத் தாமே உடைத்தார். அயர்லாந்து நாளேடுகளின் ஓரங்களில், குருக்களால் துன்புற்ற பிள்ளைகளைப் பற்றியும், நம்ப மறுக்கப்பட்ட பெற்றோரைப் பற்றியும் சிறு செய்திகள் வந்திருந்தன. அவற்றை அவர் படித்திருந்தார். நிகழ்ச்சியின் ஒத்திகையில் அவர் உயர்த்திக் காட்டியது ஒரு குழந்தையின் படம். நேரலையில் அதற்குப் பதில் தாயின் சுவரிலிருந்த படம் வந்தது.

யோபுவின் நண்பர்கள்

787-இல் கூடிய இரண்டாம் நீசேயாப் பொதுச்சங்கம், படத்திற்குச் செய்யும் வணக்கம் படத்தில் உள்ளவரையே சென்றடையும் என்று கற்பித்தது. ஆகவே படத்தைக் கிழிப்பதும் படத்தில் உள்ளவரைத் தொடும் செயலே. அதை நாம் எளிதாகக் கடந்துவிட முடியாது. அருள் சின்னப்பரை நாம் 2014 முதல் புனிதராக வணங்குகிறோம். ஓர் அமைப்பின் பழியனைத்தையும் ஒரு மனிதரின் முகத்தில் சுமத்துவது முழு நீதி ஆகாது.

ஆனால் அதே கோட்பாடு நம்மை இன்னொரு திசைக்கும் இட்டுச் செல்கிறது. தொடக்க நூலின் முதல் அதிகாரப்படி, கடவுள் தம் சாயலைப் பதித்தது துணியிலோ தாளிலோ அன்று, மனிதரில். ஒரு குழந்தை சிதைக்கப்படும்போது கிழிவது கடவுளின் சாயல். அந்தக் கிழிசலின் ஓசை ஆண்டாண்டுக் காலமாக மூடிய கதவுகளுக்குள் எழுந்தது, ஊர் கேட்கவில்லை. தாள் கிழிந்த ஓசையை உலகமே கேட்டது.

அக்டோபர் 16-இல், மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் பாப் டிலனைச் சிறப்பிக்கும் விழாவில் ஷினேட் மேடையேறியபோது பெருங்கூச்சல் எழுந்து பாட விடாமல் தடுத்தது. அவரை மேடையிலிருந்து அழைத்து வருமாறு கிரிஸ் கிறிஸ்டோபர்சன் என்னும் மூத்த பாடகர் அனுப்பப்பட்டார். அவரோ, மனம் தளர வேண்டாம் என்று அப்பெண்ணின் காதில் சொன்னார். ஷினேட் இசைக்குழுவை நிறுத்தச் சொல்லி, 'போர்' பாடலையே மீண்டும் உரக்கக் கூறிவிட்டு, வெளியே வந்து அம்மனிதரின் தோளில் சாய்ந்து அழுதார்.

யோபு நூலின் இறுதியில் வரும் தீர்ப்பு எப்போதும் நம்மைத் திகைக்க வைப்பது. கடவுளை நோக்கிக் கடுஞ்சொற்களை வீசிய யோபு சரியாகப் பேசினார் என்றும், கடவுளின் மாண்பைக் காக்க அழகாக வாதாடிய நண்பர்கள் சரியாகப் பேசவில்லை என்றும் ஆண்டவரே தீர்ப்பளிக்கிறார். புண்பட்டவரின் கூக்குரல் முறையற்ற மொழியில் வரலாம். அதன் மொழியைத் திருத்துவதில் முனைந்தவர்கள், அதன் பொருளைக் கேட்காமற் போனார்கள்.

ஏடுகள் பேசியபோது

பின்னர் வந்த ஆண்டுகள் பொருளை உரைத்தன. 1994-இல் பிரெண்டன் ஸ்மித் என்னும் துறவறக் குரு பல்லாண்டுகளாகச் சிறுவர் சிறுமியருக்கு இழைத்த கொடுமைகள் வெளிவந்தன. அவ்வழக்கைக் கையாண்ட விதத்தால் எழுந்த புயலில் அயர்லாந்து அரசே கவிழ்ந்தது. 1996-இல் கடைசி மதலேன் சலவை இல்லம் மூடப்பட்டது. 1999-இல், நிறுவனங்களில் வளர்ந்து துன்புற்ற பிள்ளைகளிடம் நாட்டின் தலைமை அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். 2002-இல் அமெரிக்காவின் பாஸ்டன் உயர்மறைமாவட்டத்தில் உண்மைகள் வெளிப்பட்டு, அதன் கர்தினால் பதவி விலகினார்.

2005-இல் வெளிவந்த பெர்ன்ஸ் மறைமாவட்ட அறிக்கை, 21 குருக்கள் மீதான 100-க்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. 2009 மே மாதம் ரயன் ஆணையத்தின் ஐந்து தொகுதிகள் வெளியாயின. குழந்தைகள் இல்லங்களிலும் தொழிற்பள்ளிகளிலும் அடியும் இழிவும் ஒரு சிலரின் தவறாக இருக்கவில்லை, அன்றாட நடைமுறையாக இருந்தன என்று அவை காட்டின. அதே ஆண்டு நவம்பரில், டப்ளின் உயர்மறைமாவட்டத்தைப் பற்றிய மர்பி அறிக்கை வந்தது. குழந்தைகளின் நலனைவிட இரகசியமும் நற்பெயரும் சொத்துமே முதன்மை பெற்றன என்று அது முடிவு கூறியது. இத்தகைய வழக்குகளின் செலவை ஈடுகட்ட அவ்வுயர்மறைமாவட்டம் 1987-லேயே காப்பீடு எடுத்திருந்ததையும் அது சுட்டியது. ஷினேடின் முதல் தொகுப்பு வெளிவந்ததும் அந்த ஆண்டுதான்.

2010 மார்ச் 19-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், அயர்லாந்துக் கத்தோலிக்கருக்கு மேய்ப்புப் பணி மடல் எழுதி வருத்தம் தெரிவித்தார். 1922 முதல் ஏறத்தாழ 10,000 பெண்கள் சலவை இல்லங்களில் வாழ்ந்தனர் என்று 2013-இன் அரசு அறிக்கை கூறியது. அதில் அரசின் பங்கிற்காகவும் மன்னிப்புக் கேட்கப்பட்டது. 2018 ஆகஸ்ட் 26-இல், அருள் சின்னப்பர் நின்ற அதே பீனிக்ஸ் பூங்காவில், திருத்தந்தை பிரான்சிஸ் திருப்பலியின் தொடக்கத்தில் ஒவ்வொரு பாவமாகச் சொல்லி மன்னிப்பு வேண்டினார். 1992-இல் ஒரு பெண் தனியாகச் சொன்னதை, 26 ஆண்டுகளுக்குப் பின் திருச்சபையின் தலைவர் பலிபீடத்தின் முன்னே சொன்னார்.

நினைவு என்னும் மருந்து

ஷினேடின் பிற்கால வாழ்வு நேர்கோட்டில் செல்லவில்லை. 1999-இல் உரோமையோடு ஒன்றிப்பில் இல்லாத ஒரு சிறு குழுவில் குருப்பட்டம் பெற்றார். 2007-இல் பழைய ஏற்பாட்டை ஒட்டி 'இறையியல்' என்று பொருள்படும் பெயரில் ஒரு தொகுப்பு வெளியிட்டார். 2018-இல் இஸ்லாமைத் தழுவினார். 2015-இல் நடந்த ஓர் அறுவைச் சிகிச்சைக்குப்பின் உள்ளம் உடைந்து, பல ஆண்டுகள் மனநல மருத்துவமனைக்குச் செல்வதும் வருவதுமாக இருந்தார். நீண்டகாலக் கஞ்சாப் பழக்கத்திலிருந்து விடுபடவும் போராடினார். அவர் நம்மைவிட்டு அகன்றார் என்பது உண்மை. கடவுளைத் தேடுவதை அவர் நிறுத்தினார் என்று சொல்ல எவராலும் இயலாது.

படத்தைக் கிழித்ததால் அவருடைய வாழ்வு தடம் புரண்டது என்று பலரும் சொல்வார்கள். அவர் கணிப்போ வேறு: முதலிடம் பிடித்த பாடல்தான் தம்மைத் தடம் புரளச் செய்தது, அந்த இரவே தம்மை மீண்டும் தம் தடத்தில் ஏற்றியது. குணமாதல் என்றால் வடு மறைவது என்று எண்ணுகிறோம். உயிர்த்த ஆண்டவரின் உடலிலும் வடுக்கள் இருந்தன. அவற்றைக் கண்டுதான் தோமா விசுவாசம் கொண்டார். நடந்ததை நடந்தபடி, கேலியும் கண்ணீருமாகச் சொல்ல முடிந்ததே ஷினேடுக்குக் கிடைத்த நலம். அடித்த தாயையும் அன்போடு நினைக்க முடிந்தது அதன் உச்சம். அது முழு நலமன்று. 2022 சனவரியில் 17 வயது மகனை இழந்தார். 2023 சூலை 26-இல், 56 வயதில், இலண்டனில் இறந்தார். பிரே என்னும் கடற்கரை ஊரின் தெருவோரங்களில் ஆயிரக்கணக்கானோர் நின்று அவரை வழியனுப்பினர். இமாம் ஒருவர் இறுதி மன்றாட்டை நடத்தினார்.

நம் முன் நிற்கும் கேள்வி

இது அயர்லாந்தின் கதை. ஆனால் அதிலிருந்து பிறந்த சட்டம் நம் பங்குகளையும் கட்டுப்படுத்துகிறது. 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட விதிமுறைகள், புகார் பெறும் ஏற்பாடு ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் இருக்க வேண்டும் என்கின்றன. குருக்களும் துறவியரும் அறிந்ததை மறைக்கலாகாது என்கின்றன. நம் நாட்டின் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டமோ, அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பெற்றோர், மறைக்கல்வி ஆசிரியர், விடுதிக் காப்பாளர், பங்குப் பேரவையினர் என எவருக்கும் இதில் விலக்கு இல்லை.

சட்டத்திற்கும் முன்னே நிற்பது செவி. ஒரு குழந்தை சொல்லத் தொடங்கும்போது, 'சுவாமியைப் பற்றி அப்படிப் பேசாதே' என்றோ, 'குடும்ப மானம் என்னாவது' என்றோ நாம் சொல்லும் முதல் வாக்கியமே அந்தக் கதவை அடைத்துவிடுகிறது. அடைபட்ட குரல் அழிவதில்லை. பல ஆண்டுகள் கழித்து, நம்மைப் புண்படுத்தும் மொழியில், நாம் எதிர்பாராத மேடையில் அது திரும்பி வரும். அன்று நாம் புண்பட்டதை மட்டும் பேசிக்கொண்டிருப்போமா, அல்லது முதலில் புண்பட்டது யார் என்று கேட்போமா?

கிளாஸ்நெவின் கல்லறையில் உறங்கும் அப்பெண்களில் பலரை நம் ஏடுகள் பெயரிட்டு அறியவில்லை. தம் உள்ளங்கையில் அவர்களைப் பொறித்து வைத்திருக்கும் இறைவன் அறிவார். அவர் நம்மிடம் கேட்கும் நாளில், எத்தனை படங்களைக் காத்தாய் என்று கேட்கமாட்டார்; தம் சாயலைத் தாங்கிய சிறியோரை என்ன செய்தாய் என்றே கேட்பார்.